சீனக் கையெழுத்துக்கு ஒரு கட்ட நோட்டு

மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருபது எழுத்துகள், எழுத்துக்கு மூன்று வரி என்று வீட்டுப்பாடத்தை முடித்துப் பெருமையோடு நீட்டினேன். சீன ஆசிரியை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சிவப்பு மை எங்கும் விழவில்லை. "இதை எழுதினீர்களா, வரைந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். சீனத்தில் எழுதுவதற்கு 'சியே', வரைவதற்கு 'ஹுவா'. நான் ஹுவா செய்திருந்தேன். கோடுகளின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது; எந்தக் கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போயிற்று என்பதில்தான் எல்லாக் கோளாறும். படத்தைப் பார்த்துப் படம் போட்டிருக்கிறேன் என்பது பக்கத்தைத் திறந்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் கையைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு வருடத்தை வீணாக்கினேன். என் தமிழ்க் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்காது என்பதால் அந்தச் சாக்கு எளிதில் கிடைத்தது. கோளாறு கண்ணில் இருந்தது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. மாதிரி எழுத்தில் எந்தக் கோடு நீளம், எது குட்டை, எது எதைத் தொடுகிறது, எது தொடாமல் நிற்கிறது என்று பார்க்கவே தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் கண்ணைப் பழக்குவதற்கானவை.

இந்தக் கட்டுரையில் சீன எழுத்து ஒன்றுகூட அச்சில் வராது. ஒவ்வொன்றையும் சொல்லால் விவரிக்கிறேன். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல நீங்கள் போட்டுப் பாருங்கள். பிறகு அகராதியில் தேடி ஒப்பிடுங்கள். அந்த ஒப்பிடலே முதல் பயிற்சி.

எத்தனை எழுத்து எழுதத் தெரிய வேண்டும்?

கைபேசியில் ஒலியைத் தட்டினால் எழுத்து வந்து நிற்கும் காலத்தில் கையால் எழுதுவது எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. சீனர்களே பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று புலம்புகிறார்கள். அதற்கு 'திபி வாங்ட்சு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்காகச் சீனா 2021-இல் கொண்டுவந்த தரநிலையும் இதை ஒப்புக்கொள்கிறது. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்துகள் 3000; கையால் எழுத வேண்டியவை 1200 மட்டுமே. தொடக்க நிலைக்கு அந்தப் பட்டியலில் 300 எழுத்துகள்தான். ஆகவே வாசிப்பில் பார்க்கும் எல்லாவற்றையும் எழுதிப் பழக வேண்டும் என்ற பயத்தை விடுங்கள். முந்நூறு எழுத்தை அழகாக எழுதத் தெரிந்தால் மற்றவை அவற்றின் உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

தொடங்கும்போதே ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: சீனா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் வழங்கும் சுருக்கிய எழுத்தா, தைவானிலும் ஹாங்காங்கிலும் வழங்கும் மரபு எழுத்தா? இரண்டும் நல்லவைதான். கலந்து எழுதுவதுதான் நல்லதல்ல.

நோட்டும் பேனாவும்

சீனப் பிள்ளைகள் எழுதப் பழகுவது 'தியென்ட்சுக' என்ற கட்டத்தில். ஒரு சதுரம், நடுவில் ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு. நான்கு வயல் துண்டுகள் சேர்ந்தது போல இருக்கும். வயல் என்ற பொருள் தரும் எழுத்தின் வடிவமும் அதுவே. இதோடு இரண்டு மூலைவிட்டங்களையும் சேர்த்தால் 'மிட்சுக', அதாவது அரிசி எழுத்துக் கட்டம். ஒன்பது அறைகளாகப் பிரித்தால் 'ஜியுகோங்க'. இவற்றை வாங்க எங்கும் அலைய வேண்டாம். நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். இரண்டுக்கு இரண்டு என நான்கு சிறு கட்டங்களைச் சுற்றிப் பென்சிலால் ஒரு பெட்டி போட்டால் வயல் கட்டம் தயார். பெட்டி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறியதாக எழுதினால் பிழைகள் ஒளிந்துகொள்ளும். தொடக்கத்தில் அவை கண்ணில் படுவதே நல்லது.

கோடு போட்ட நோட்டு வேண்டாம். தமிழையும் ஆங்கிலத்தையும் கோட்டின் மேல் உட்கார வைத்துப் பழகிய கை, சீன எழுத்தையும் அடிக்கோட்டில் உட்கார வைத்துவிடும். சீன எழுத்துக்கு அடிக்கோடு கிடையாது. அது பெட்டியின் நடுப்புள்ளியைச் சுற்றி நிற்கும்.

முதல் மாதம் பென்சில்தான் சிறந்தது. சீனப் பள்ளிகளிலும் சின்ன வகுப்புகளுக்குப் பென்சில்தான். பிறகு 0.5 ஜெல் பேனா. பால் பாயின்ட் பேனாவை நான் பரிந்துரைப்பதில்லை. அது அழுத்தினால்தான் எழுதும், அழுத்தினால் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக வரும். தாளுக்கு அடியில் நான்கைந்து தாள்களை மெத்தை போல வைத்துக்கொள்ளுங்கள். கட்டை மேசையில் ஒற்றைத் தாளை வைத்து எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் கோட்டிலேயே தெரியும்.

உட்காரும் முறைக்குச் சீனப் பள்ளிகளில் ஒரு பாடம் உண்டு: ஒரு 'சி', ஒரு கைமுட்டி, ஒரு 'சுன்'. கண்ணுக்கும் தாளுக்கும் ஒரு சி, அதாவது ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். மார்புக்கும் மேசைக்கும் ஒரு முட்டி இடைவெளி. பேனா முனைக்கும் விரல் நுனிக்கும் ஒரு சுன், அதாவது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றாவதைத்தான் நம்மில் பலர் மீறுகிறோம். முனையை ஒட்டிப் பிடித்தால் விரலே எழுத்தை மறைத்துவிடும். மறைந்ததைப் பார்க்கத் தலை சாயும். தலை சாய்ந்தால் எழுத்தும் சாயும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தாளைச் சற்றே வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கோடுகளின் வரிசையையும் திசையையும் மட்டும் மாற்ற வேண்டாம்.

எதைப் பார்த்து எழுதுவது

இங்கேதான் பெரும்பாலோர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். கணினியிலும் கைபேசியிலும் நாம் பார்க்கும் எழுத்துரு வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. 'சோங்' என்ற அச்செழுத்தில் கிடைக்கோடுகள் மட்டம் வைத்தது போல் நேராகவும் மெல்லியதாகவும் இருக்கும், முடிவில் ஒரு சிறு முக்கோணம் நிற்கும். 'ஹெய்' என்ற அச்செழுத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன். எந்தச் சீனரும் கையால் அப்படி எழுதுவதில்லை. அச்சைப் பார்த்து அச்சு அசலாக எழுதினால், நாளிதழ்த் தலைப்பைப் பார்த்து 'அ' எழுதிப் பழகிய குழந்தையின் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது, கையால் எழுதுவதை ஒத்த 'காய்' என்ற வடிவம். கைபேசி அகராதியிலும் வேர்ட் கோப்பிலும் எழுத்துருவைக் 'காய்தி' என்று மாற்றிக்கொள்ளலாம். சீனத் தொடக்கப் பள்ளிப் பாடநூல்கள் இந்த வடிவத்திலேயே அச்சாகின்றன. இன்னும் நல்ல வழி, 'ட்சுதியே' எனப்படும் எழுத்துப் பயிற்சி நூல் ஒன்றை வாங்குவது. பேனா எழுத்துக்குத் தியென் இங்ஜாங்கின் பயிற்சி நூல்கள் சீனாவில் பரவலாக விற்பவை. அவர் பின்பற்றுவது ஏழாம் நூற்றாண்டுத் தாங் அரசவையில் இருந்த ஓயாங் சுன்னின் பாணியை. ஓயாங் சுன் 632-இல் எழுதிய ஜியுசெங் அரண்மனைக் கல்வெட்டு, காய் எழுத்துக்கு இன்றும் உரைகல். கட்டுக்கோப்பான, சற்றே விறைப்பான எழுத்து. பார்த்துப் பழக எளிது. யாருடைய நூலை எடுத்தாலும் சரி, ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு குரு என்று மாற்றினால் கை குழம்பிப்போகும்.

கோடுகள்

கிடைக்கோடு ஹெங், நெடுக்கோடு ஷூ, இடப்பக்கம் சரிந்து இறங்கும் பியே, வலப்பக்கம் சரிந்து இறங்கும் நா, புள்ளியான தியென், கீழிருந்து வலமாக மேலே சீறும் தி, கொக்கியான கோவ், மடிப்பான ஜெ. இவ்வளவுதான். இவை கூடியும் பிணைந்தும் பல்லாயிரம் எழுத்துகள் ஆகின்றன. நிலையானது என்ற பொருள் தரும் 'யோங்' என்ற எழுத்து ஐந்தே கோடுகளால் ஆனது. ஆனால் தூரிகை எழுத்தின் எட்டு அடிப்படை அசைவுகளும் அதில் அடக்கம் என்பதால் பழங்காலம் முதல் அதை வைத்தே பாடம் தொடங்குகிறார்கள். வாங் சிஜி 353-இல் எழுதிய, சீனக் கையெழுத்துக் கலையின் உச்சம் என்று கொண்டாடப்படும் ஆர்க்கிட் மண்டப முன்னுரையின் முதல் எழுத்தும் இதுதான். அந்த முன்னுரையில் 'ஜி' என்ற ஒரே எழுத்து ஏறத்தாழ இருபது இடங்களில் வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு வடிவில். அதெல்லாம் அவருக்கு. நமக்கு இருபது இடத்திலும் ஒரே மாதிரி வந்தாலே பெரிய வெற்றி.

முதல் இரண்டு வாரம் கோடுகளை மட்டும் எழுதுங்கள். சலிப்பாக இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கம், ஓட்டம், முடிவு என்று மூன்று பகுதி உண்டு என்பதை மனத்தில் வைத்தால் அந்தச் சலிப்பு பாதியாகக் குறையும். ஹெங் எழுதும்போது பேனாவை லேசாக அழுத்தி ஊன்றி, அழுத்தத்தைக் குறைத்து நகர்த்தி, முடிவில் மீண்டும் லேசாக அழுத்தி நிறுத்த வேண்டும். அதுவும் மட்டமாகப் போகாது. வலப்பக்கம் சற்றே உயர்ந்து போகும். மலையேறும் அளவுக்கு வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போதும்.

ஷூவில் இரண்டு வகை. எழுத்தின் கடைசிக் கோடாக ஷூ வந்தால், உதாரணமாகப் பத்து என்ற எழுத்தின் நடுக்கோட்டில், அழுத்தத்தை மெல்ல மெல்ல விட்டு முனையைக் கூராக முடிப்பார்கள். இதற்குத் 'தொங்கும் ஊசி' என்று பெயர். மற்ற இடங்களில் கீழே ஒரு கணம் நின்று உருண்டையாக முடியும். அது 'தொங்கும் பனித்துளி'. பியே வேகமாக வீசி முடிவது, வாழை நாரைக் கிழிப்பது போல. நா அப்படியன்று, மெல்லியதாகத் தொடங்கி, இறங்க இறங்க அழுத்தம் கூடி, அடியில் ஒரு கணம் நின்று, வலப்பக்கம் வழுக்கி வெளியேறும். பாதம் ஊன்றி நிற்பது போன்ற தோற்றம் அதிலிருந்துதான் வருகிறது. ஜெல் பேனாவில் தடிமன் வேறுபாடு மிகக் குறைவாகத்தான் தெரியும். ஆனாலும் கையின் வேகம் மாறுவது எழுத்தில் தெரியும். என் ஆசிரியை கண்டுபிடித்தது அதைத்தான்.

கோடுகளின் வரிசை

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். குறுக்கும் நெடுக்கும் வெட்டினால் குறுக்குக் கோடு முதலில். பியேயும் நாவும் வந்தால் பியே முதலில். நடுவில் ஒன்றும் இரு பக்கமும் சிறு துண்டுகளும் இருந்தால், 'சிறிய', 'தண்ணீர்' என்ற எழுத்துகளில் போல, நடுக்கோடு முதலில். சுற்றி அடைத்த எழுத்தென்றால் முதலில் இடச் சுவரும் கூரையும் வலச் சுவரும், பிறகு உள்ளே இருப்பது, கடைசியில் அடிக்கோடு. சீன ஆசிரியர்கள் இதை "ஆள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்து" என்று சொல்லிக் கொடுப்பார்கள். நாடு என்று பொருள்படும் எழுத்தின் எட்டுக் கோடுகளும் அப்படித்தான்.

தமிழ்க் கைக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. வாய் என்று பொருள்படும் எழுத்து வெறும் பெட்டி, மூன்று கோடு. முதல் கோடு இடப்பக்கம் மேலிருந்து கீழே. கீழே வந்ததும் நம் கை என்ன செய்யும்? வலப்பக்கம் திரும்பி, அப்படியே மேலே ஏறும். ஏனென்றால் நாம் நான்கு வயதிலிருந்து 'ப' எழுதிவருகிறோம். பிறகு மேலே ஒரு மூடி போட்டுப் பெட்டியை முடித்துவிடுவோம். சரியான முறையில், இடக்கோடு முடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டு மீண்டும் மேலே போய், கூரையிலிருந்து தொடங்கி வலப்பக்கம் மடித்துக் கீழே இறக்க வேண்டும். மூன்றாவதாக அடிக்கோடு. எழுதி முடித்த பெட்டி இரண்டிலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றாக இருக்காது. சரியான வரிசையில் எழுதும்போது இரு சுவர்களும் மேலிருந்து இறங்குவதால் கீழே சற்றே உள்வாங்கி வரும். மேலே அகலம், கீழே குறுகல். 'ப' வழியில் வரும் பெட்டியோ கீழே உப்பி, பை போலத் தொங்கும். எனக்கு இந்தப் பழக்கத்தை ஒழிக்க மூன்று மாதம் ஆயிற்று. இந்தப் பெட்டி ஓர் உறுப்பாக நூற்றுக்கணக்கான எழுத்துகளில் வருகிறது, அதனால் அந்த மூன்று மாதம் வீண்போகவில்லை.

இன்னொன்று: தமிழ் எழுத்து சிக்குக் கோலம் போல, கை எடுக்காமல் வளைந்து சுற்றி வந்து முடியும். சீன எழுத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பேனா தாளைவிட்டு எழ வேண்டும். தொடக்கத்தில் வேண்டுமென்றே எடுத்து எடுத்து வையுங்கள். பெட்டியின் மூலைகள் உருண்டையாகிப்போவதற்கு இதுதான் மருந்து.

வரிசையை எங்கே சரிபார்ப்பது? கோடு கோடாக அசைந்து காட்டும் செயலிகள் நிறைய இருக்கின்றன. ப்ளெகோ அகராதியிலும் அந்த வசதி உண்டு. சீனாவின் முறையைக் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசன் என்று பொருள்படும் எழுத்தைச் சீனாவில் கிடை, கிடை, நெடு, கிடை என்று எழுதுவார்கள். ஜப்பானில் கிடை, நெடு, கிடை, கிடை. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும்.

கட்டத்துக்குள் குடித்தனம்

மூன்று என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். மூன்று கிடைக்கோடுகள், அவ்வளவுதான். இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்து நான் சமநீளத்தில் மூன்று கோடு போட்டேன். மின்சார வாரியத்தின் எச்சரிக்கைப் பலகை போல இருந்தது. மாதிரியைப் பாருங்கள்: மேல்கோடு நடுத்தர நீளம், நடுக்கோடு எல்லாவற்றிலும் குட்டை, அடிக்கோடு நீளம். மேல்கோடு தொட்டில் போல மிக மெல்லிதாக மேல்நோக்கி வளையும். அடிக்கோடு கவிழ்ந்த தட்டு போல மெல்லிதாகக் குவியும். இடைவெளி இரண்டும் சமம். ஒரே எழுத்தில் பாதிப் பாடம் அடங்கிவிட்டது. ஓர் எழுத்தில் பல கிடைக்கோடுகள் வந்தால் ஒன்றுதான் தலைமைக் கோடு, அது மட்டும் நீளும், மற்றவை அடங்கி நிற்கும், இடைவெளிகள் ஒத்திருக்கும்.

நீளம் அழகுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு நெடுக்கோடு, இரண்டு கிடைக்கோடு. அடிக்கோடு நீளமாக இருந்தால் 'மண்', மேல்கோடு நீளமாக இருந்தால் 'கற்றோன்'. இரண்டையும் சமமாகப் போட்டால் படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி என்று அடிவாங்கிப் படித்த நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அடுத்து, காடு. மரம் என்ற எழுத்தை முதலில் போடுங்கள்: ஒரு கிடைக்கோடு, அதை வெட்டிக்கொண்டு ஒரு நெடுக்கோடு, வெட்டும் இடத்திலிருந்து இடப்பக்கம் பியே, வலப்பக்கம் நா. நான்கு கோடு. இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காடு, எட்டுக் கோடு. புதியவர் எல்லோரும் ஒரே மாதிரி இரண்டு மரம் நட்டு வைப்பார்கள். அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், பெட்டியை விட்டு வெளியே வழியும். மாதிரியில் இட மரத்தைக் கவனியுங்கள். அது ஒல்லி. அதன் கிடைக்கோடு பெரும்பாலும் இடப்பக்கமே நீள்கிறது, வலப்பக்கம் குட்டையாக நின்றுவிடுகிறது. முக்கியமாக, அதன் நா காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. வலப்பக்கம் இருப்பவர் கால் நீட்ட வேண்டும் என்பதற்காக இவர் கால் மடக்கிக்கொள்கிறார், ரயிலில் எதிர் இருக்கைக்காரர் போல. இந்த இடம் கொடுத்தலைச் சீனத்தில் 'பிராங்' என்பார்கள். ஓர் எழுத்தில் இரண்டு நா நீட்டக் கூடாது என்பது பழைய விதி.

இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டபின் எங்கும் இதுவே தெரியும். மண் என்ற எழுத்து இடப்பக்கம் உறுப்பாக நின்றால் அதன் அடிக்கோடு கிடையாகப் போகாமல் வலப்பக்கம் மேல்நோக்கிச் சீறும் 'தி' ஆகிவிடும், அடுத்த உறுப்பை நோக்கிக் கை நீட்டுவது போல. தண்ணீரைக் குறிக்கும் உறுப்பாக இடப்பக்கம் வரும் துளிகள் மூன்றும் ஒரே செங்குத்தில் நிற்பதில்லை. நடுத்துளி சற்றே இடப்பக்கம் ஒதுங்கி, மூன்றும் ஒரு வில்லின் மேல் அமையும், மூன்றாவது துளி கீழிருந்து மேலே எறியப்படும். இடப்பக்க உறுப்புக்குப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் பெரும்பாலும். மேலே கூரை உறுப்பு வந்தால் கூரை அகன்று, கீழே இருப்பதை மூட வேண்டும். வாசலில் நிற்பவர் நனையக் கூடாது.

நடை உறுப்பு ஒன்று உண்டு. 'இது', 'பாதை' போன்ற எழுத்துகளில் இடப்பக்கம் தொடங்கி அடியில் படகு போல நீளும். அது இடப்பக்கம் இருப்பதால் முதலில் அதை எழுதிவிடுவோம், பிறகு உள்ளே வர வேண்டியது இடமில்லாமல் திண்டாடும். உள்ளே இருப்பதை முதலில், பெட்டியின் வலப்பக்கம் சற்று மேலே தள்ளி எழுதிவிட்டு, படகைக் கடைசியில் கொண்டுவந்து அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். படகின் அடி, அதாவது நா, உள்ளே இருப்பதைத் தாண்டி வலப்பக்கம் நீண்டால்தான் சுமை சாயாமல் நிற்கும்.

'நான்' என்ற எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏழு கோடு, புதியவர்கள் மிக அதிகமாக எழுதுவதும் மிக மோசமாக எழுதுவதும் இதைத்தான். இதன் முதுகெலும்பு, வலப்பக்கம் சரிந்து நீளமாக இறங்கி மேலே கொக்கி போடும் கோடு. அது நீளமாகவும் விறைப்பாகவும், மிகச் சிறிய வளைவோடும் இருக்க வேண்டும். பிறை நிலா போல வளைத்தால் எழுத்தே கூனிவிடும். தலையில் உள்ள சிறு சாய்கோட்டை விட்டுவிட்டால் அது ஏறக்குறைய 'தேடு' என்ற எழுத்தாகிவிடும். தலையைத் தொலைத்துவிட்டு நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சீனர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது

நம் பள்ளிகளில் இம்போசிஷன் என்று ஒன்று உண்டு. நூறு முறை எழுது என்றால், முதல் சொல்லை நூறு வரியிலும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் சொல்லுக்கு வரும் கெட்டிக்காரர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். சீனக் கையெழுத்தை அதேபோல் பழகினால் அதே அளவுதான் பலன் கிடைக்கும். ஒரு வரி முழுக்க ஒரே எழுத்தை எழுதும்போது என்ன நடக்கிறதென்று கவனியுங்கள்: முதல் எழுத்துக்கு மாதிரியைப் பார்க்கிறோம், இரண்டாவதற்கு நம் முதல் எழுத்தைப் பார்க்கிறோம், மூன்றாவதற்கு இரண்டாவதை. பத்தாவது பெட்டியில் நாம் நம் பிழையைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருப்போம்.

இதற்கு மாற்றாக நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், நான்கே எழுத்து. முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாதிரியை ஒரு நிமிடம் பாருங்கள். தலைமைக் கோடு எது? நடுச் செங்கோட்டில் எது விழுகிறது? இட உறுப்புக்கு எத்தனை பங்கு? எந்த இரண்டு கோடுகள் தொடாமல் நிற்கின்றன? இந்த வெறும் பார்வைக்குச் சீனத்தில் 'தூ தியே' என்று பெயர், மாதிரி நூலை வாசித்தல். எழுதுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம். பலரும் ஒரு நொடிகூடக் கொடுப்பதில்லை.

பிறகு மெல்லிய தாளை மேலே வைத்து இரண்டு முறை தடம் பிடித்து எழுதுங்கள். சிவப்பில் அச்சிட்ட எழுத்தின் மேலேயே எழுதும் 'மியாவ்ஹோங்' நோட்டுகளும் இதே வேலைக்குத்தான். தடம் பிடிப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது: அழகாக வரும், நமக்கு வந்துவிட்டது என்று தோன்றும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அடுத்து, மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை எழுதுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓர் அட்டைத் துண்டால் அதை மறைத்துவிட்டு, மீண்டும் மாதிரியைப் பார்த்தே அடுத்ததை எழுதுங்கள். கடைசியாக நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து இரண்டு முறை. இப்போது நூலைத் திறந்து ஒப்பிட்டால் கண் எதைப் பார்க்கத் தவறியது என்பது அப்பட்டமாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

எழுதியதைக் கைபேசியில் படம் பிடித்துச் சிறிதாக்கிப் பார்ப்பதும் நல்ல வழி. நோட்டில் கண்ணுக்குப் பழகிப்போன சாய்வும் வீக்கமும் திரையில் வேறொருவர் எழுத்து போலத் தெரியும். ஆனால் கைபேசித் திரையிலேயே விரலால் எழுதிப் பழகுவது கையெழுத்துக்கு உதவாது. கண்ணாடி வழுக்கும், செயலியோ கோணல்மாணலாக எழுதினாலும் புரிந்துகொண்டு பச்சைக் குறி போட்டுவிடும்.

எந்த எழுத்துகளை முதலில் எடுப்பது? கோடுகளுக்குப் பிந்தைய ஒரு மாதத்துக்கு வாய், மரம், மண், பெண், குழந்தை, நாள், வயல் போன்ற தனி எழுத்துகள். அவையே பிறகு மற்ற எழுத்துகளில் உறுப்பாக வரும். பெண்ணும் குழந்தையும் அருகருகே நின்றால் 'நல்ல'. அங்கே பெண் எப்படி ஒல்லியாகிறாள் என்று பார்ப்பது அடுத்த பாடம்.

வரியாக எழுதும்போது

தனி எழுத்து நன்றாக வந்தாலும் வரியாக எழுதினால் பல்லாங்குழி போல மேடும் பள்ளமுமாக நிற்கும். காரணம் இரண்டு. ஒன்று, எல்லா எழுத்தையும் பெட்டி முழுக்க நிரப்பி எழுதுவது. வாய், நாள் போன்ற சிறு எழுத்துகள் பெட்டியில் சிறியதாகவே நிற்க வேண்டும். ஊதிப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருக்கும் பதினைந்து கோட்டு எழுத்து அடிமை போலத் தெரியும். பெட்டிக்குள் எழுதினாலும் நான்கு பக்கமும் மூச்சு விட இடம் இருக்கட்டும். இரண்டு, முன்பே சொன்ன அடிக்கோட்டுப் பழக்கம். வரியின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு ஓடுவதாக எண்ணி, எழுத்துகளின் நடுப்பகுதியை அதில் கோத்துச் செல்லுங்கள். பூத்தொடுப்பவர்கள் பெரிய பூவையும் சின்னப் பூவையும் ஒரே நாரில் தொடுப்பதில்லையா, அதுபோல.

கட்டத் தாளில் நிறுத்தக்குறிக்கும் ஒரு பெட்டி உண்டு. முற்றுப்புள்ளி சிறு வட்டமாக, பெட்டியின் கீழ் இட மூலையில். பத்தி தொடங்கும்போது இரண்டு பெட்டி விட்டுத் தொடங்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தமிழ்ப் பழக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

வேகம் எப்போது

சீன நண்பர் ஒருவர் கடையில் கிறுக்கித் தரும் சீட்டைப் பார்த்ததும் நமக்கும் அப்படி எழுத ஆசை வரும். அது 'சிங்ஷு', ஓடும் எழுத்து. காய் எழுத்தில் ஒவ்வொரு கோடும் எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு, அந்த முடிவிலிருந்து அடுத்த தொடக்கத்துக்குப் பேனா காற்றில் போகும் வழியைத் தாளில் இறக்கினால் அது ஓடும் எழுத்து. கோடுகளின் வரிசை தப்பாக இருந்தால் காற்றுவழியும் தப்பாக இருக்கும். சேர்த்து எழுதும்போது வேறு எழுத்தாகவோ எதுவுமே இல்லாததாகவோ முடியும். ஆறு மாதமாவது காய் எழுதிவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்.

வரும்போது தண்ணீர்த் துளி உறுப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் துளியை அப்படியே வையுங்கள். இரண்டாம் துளியில் பேனாவை எடுக்காமல் கீழே இழுத்து, அதே வீச்சில் மூன்றாவதாக மேலே எறியுங்கள். மூன்று கோடு இரண்டாகிவிட்டது. ஆறு, ஏரி, கடல் என்று இந்த உறுப்பு வரும் எழுத்துகளை மட்டும் ஒரு வாரம் இப்படி எழுதுங்கள். வலப்பக்க உறுப்பைக் காய் முறையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் நடை உறுப்பின் படகு.